தீர்மானத்தில் இல்லாத கல்யாணம்

போன வாரம் எங்கள் ஊராட்சி அலுவலகத்துக்குப் போனேன். குடிநீர் இணைப்புக்கு ஒரு மனு... அவ்வளவுதான் வேலை.

"சார், நல்ல நேரத்துல வந்தீங்க. உக்காருங்க, ஆள் குறையுது" என்றார் செயலர்.

குழந்தைகள் பாதுகாப்புக் குழுக் கூட்டமாம். ஊருக்கு ஊர் இப்படி ஒரு குழு வேண்டும் என்பது அரசாங்க உத்தரவு. தலைவர், செயலர், அங்கன்வாடி டீச்சர், பொதுமக்கள் சார்பில் நான். தீர்மானம் முந்தின நாளே எழுதி ரெடி. டீ வருவதுதான் பாக்கி. அதுவும் வந்தது; எல்லோரும் கையெழுத்துப் போட்டோம்.

குழுவில் ஒரு குழந்தையும் இருக்க வேண்டும் என்பது விதி. பக்கத்து ஹைஸ்கூலிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார்கள். ரெட்டை ஜடை, யூனிஃபார்ம். அவள் பேனாவை வாங்காமல் நோட்டை வாங்கினாள். படித்தாள்.

"என்னத்தம்மா படிக்கற? கீழ போடு" என்றார் தலைவர்.

"'இந்த ஊரில் குழந்தைத் திருமணம் எதுவும் இல்லை'ன்னு எழுதியிருக்குதுங்க. எனக்குத் தையில கல்யாணமுங்க. பப்ளிக் எக்ஸாம் பங்குனியில."

தலைவர் டீயை ஆற்றினார். "அது உங்கப்பன்கிட்ட வூட்ல பேசிக்க வேண்டிய விஷயம்மா."

"வூட்ல பேசிட்டனுங்க. அதனாலதான் இங்க சொல்றேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது — அந்த நிச்சயதார்த்தத்துக்கு நானும் போயிருந்தேன். தலைவர் முன்னிலையில்தான் தட்டு மாற்றினார்கள். கேசரி நன்றாக இருந்தது. பட்டுப்புடவையில் குனிந்து நின்ற பெண்ணுக்கு என்ன வயது என்று யாராவது கேட்டோமா? யூனிஃபார்மில் பார்த்தபோது அடையாளம்கூடத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. எனக்கென்ன, சட்டம் தெரியாதா? இந்தப் பத்திரிகைப் பத்தியிலேயே இரண்டு தடவை எழுதியிருக்கிறேன்!

"மாத்தி எழுதுங்க, போடறேன்" என்று நின்றாள்.

செயலர் தலைவரைப் பார்த்தார். தலைவர் சுவரைப் பார்த்தார். அங்கன்வாடி டீச்சர் யாரையும் பார்க்கவில்லை — வெளியே போய் சமூகநல அலுவலருக்குப் போன் போட்டுவிட்டு வந்தார். "நாளைக்குக் காலையில வர்றாங்களாம். நீங்க எழுதுங்க சார்."

செயலர் எழுதினார். அவள் அதையும் ஒரு வரி விடாமல் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். "போகட்டுங்களா? மேத்ஸ் டெஸ்ட் இருக்குது."

மறுநாள் ஜீப் வந்தது. மகளுக்குப் பதினெட்டு வயது முடியும்வரை கல்யாணம் பண்ணி வைக்க மாட்டேன் என்று அப்பா எழுதிக் கொடுத்தார். அவள் ஸ்கூலுக்குப் போய்க்கொண்டிருக்கிறாள்.

குழந்தைகளைக் காப்பது அரசின் பொறுப்பு என்கிறோம். அன்றைக்கு அந்த அறையில் சீல், லெட்டர்பேட், நாற்காலி எல்லாம் எங்களிடம்தான் இருந்தன. அரசாங்கத்தை வேலை பார்க்க வைத்தது மட்டும்... பத்தாம் வகுப்பு 'பி' பிரிவு.