வாத்தியாரின் கடைசிக் கட்டுரைக்குக் கேள்வி கேட்டவர்

போடியில ஏலக்காய் விலையைத் தவிர வேற பேச்சே கிடையாதுன்னு நினைக்கிறவங்க எங்க ஆய்வுச் சங்கத்துக் கூட்டத்துக்கு ஒரு தடவை வந்து பாக்கணும். ரிட்டயர் ஆன வாத்தியார்கள், எஸ்டேட்டுல வேலை பாத்தவங்க, ரெண்டு மூணு கடைக்காரங்க, காலேஜ்ல வரலாறு எடுக்கிற நான். வருசத்துக்கு ஒரு கருத்தரங்கு நடத்துவோம். இந்த மலை, இந்த ஊரு, பழைய பாதை, பழைய கோயில், அவ்வளவுதான் எங்க உலகம். ஆனா பேச ஆரம்பிச்சா மதியச் சோறு ஆறிப்போகும்.

கருத்தரங்குக்கு ஒரு முறை உண்டு. முதல்ல, அந்த வருசம் தவறிப்போன உறுப்பினர்களோட படத்துக்குப் பூமாலை போட்டு அஞ்சலி. அப்புறம் கட்டுரைகள். ஒவ்வொரு கட்டுரைக்கும் கேள்வி வரணும். கேள்வியே வரலைன்னா எழுதினவருக்கு மூஞ்சி செத்துப்போகும். கடைசியா நன்றியுரை. அதுல கட்டுரை கொடுத்தவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஏலக்காய் மாலை போடுவோம். சால்வையெல்லாம் எங்க ஊர்ல எடுபடாது. சால்வையை யாரு மோந்து பாக்கிறது?

பூமாலை போனவங்களுக்கு, ஏலக்காய் மாலை எழுதினவங்களுக்கு. இதுல குழப்பமே வந்ததில்லை. போன கருத்தரங்குல வந்துச்சு.

எங்க சங்கத்துல ஒரு பூகோள வாத்தியார் இருந்தாரு. பக்கத்துல சிலமலை ஊர்க்காரர். ரோடு போடுறதுக்கு முந்தி, மலையில இருந்து ஏலக்காய் மூட்டையைத் தலையில சுமந்து கீழ கொண்டு வந்த பாதை எதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் அவருக்கு வாழ்க்கை லட்சியம். மேட்டு வழியாத்தான் வந்தாங்கன்னு சொல்லுவாரு. அதுக்கு அவர் கையில இருந்த சாட்சி, தலைச்சுமையை இறக்கி வச்சு இளைப்பாறுற ஒரு சுமைதாங்கிக் கல்லு. சரிவுல புதருக்குள்ள கெடந்த அந்தக் கல்லைத் தேடி எத்தனை தடவை ஜீப்புல தொத்திக்கிட்டுப் போயி, இறங்கி நடந்திருக்காருன்னு அவருக்கே தெரியாது. அதைப் பத்திக் கருத்தரங்குக்கு எழுதுன கட்டுரையை எங்கிட்ட கொடுத்துட்டுப் போனவருதான். நெஞ்சுவலின்னு ஆஸ்பத்திரியில சேத்தாங்க, திரும்பி வரலை.

அவருக்கு ஒரு எதிராளி உண்டு. பேங்க்குல இருந்து ரிட்டயர் ஆனவர். "மேட்டு வழியாவது மண்ணாங்கட்டியாவது. ஓடையை ஒட்டித்தான் வந்திருக்கான். சுமக்கிறவன் தண்ணிக்கு எங்க போவான்?" இதுதான் அவர் கட்சி. வாத்தியார் எழுந்திரிச்சா போதும், இவரு கை தானா மேல போகும். விடாக்கண்டனும் கொடாக்கண்டனும். கூட்டம் முடிஞ்சு டீக்கடையிலயும் அதே சண்டை நடக்கும். அதுல வாத்தியார் கடைசி பஸ்ஸை விட்டதும் உண்டு.

காரியமெல்லாம் முடிஞ்ச பிறகு வாத்தியாரோட வீட்டுக்காரம்மா என்னைத் தேடி காலேஜுக்கே வந்தாங்க. அழுவாங்கன்னு நினைச்சு நான் தண்ணி பாட்டிலை எடுத்தேன். அவங்க அழுகலை. வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுன்னு பேசினாங்க.

"டீச்சர், அவரு படத்துக்கு மாலை போடுவீக. நல்ல மனுசன்னு சொல்லுவீக. வேணாங்கலை. ஆனா அந்தக் கட்டுரையை மூட்டை கட்டி வச்சிராதீக. செத்தவரு எழுதுனதுன்னு சும்மா கைதட்டியும் அனுப்பிராதீக. எப்பவும் போலக் கேள்வி கேக்கணும். இல்லாட்டி அவரு மலையேறுனதுக்கு என்ன அர்த்தம்?"

எனக்குப் பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. சரிம்மான்னு வாக்குக் கொடுத்துட்டேன்.

செயற்குழுவுல தலைவர் தொண்டையைச் செருமிக்கிட்டு, "கட்டுரையை வாசித்ததாகக் கொள்ளலாம்"னாரு. எனக்கு வந்துச்சே ஒரு கோவம்! "சாப்பிட்டதாக் கொள்ளலாம்னு சொன்னா நீங்க மதியச் சோத்தை விட்டுக் கொடுப்பீங்களா சார்?"னு கேட்டுட்டேன். அப்ப மூலையில இருந்து பேங்க்காரர் சொன்னாரு: "நான் படிக்கிறேன்."

இந்த மனுசன் கட்டுரையைக் கிழிச்சுத் தோரணம் கட்டிருவாரேன்னு எனக்குப் பயம். தனியாக் கூப்பிட்டு, "ஒழுங்காப் படிப்பீங்களா சார்?"னு கேட்டேன். அவரு கோவிச்சுக்கலை. "அவரு எழுதுனதை என்னைய மாதிரி யாரும்மா படிச்சிருக்கா? குத்தம் கண்டுபிடிக்கவே ஒவ்வொரு வரியையும் படிச்சவன் நான்"னாரு.

கருத்தரங்கு அன்னைக்கு மண்டபத்துல நல்ல கூட்டம். படத்துக்குப் பூமாலை போட்டு அஞ்சலி முடிஞ்சது. அந்தம்மா முன்வரிசையில மடியில கையை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. பேங்க்காரர் மேடையேறிப் படிச்சாரு. சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு வாசிப்பு! வாத்தியார் எங்க நிறுத்துவாரோ அங்க நிறுத்தி, எங்க அழுத்துவாரோ அங்க அழுத்தி. தனக்குப் பிடிக்காத வரிகளைத்தான் இன்னும் சத்தமாப் படிச்சாரு.

முடிஞ்சதும் கைதட்டல் காதைப் பிளந்துச்சு. நான் மைக்கைப் பிடிச்சு, "கேள்விகள்?"னேன். ஒரு கையும் மேல வரலை. செத்த மனுசனை யாரு கேள்வி கேப்பா? அந்தம்மா மெதுவாத் திரும்பி மண்டபத்தைப் பாத்தாங்க. வாக்குக் கொடுத்தவளுக்கு எப்படி இருக்கும்!

பேங்க்காரர் பேப்பரை மேடையிலயே வச்சுட்டு, மூட்டுவலிக் காலை இழுத்து இழுத்து இறங்கினாரு. எப்பவும் உக்கார்ற நாற்காலியில போய் உக்காந்தாரு. கையைத் தூக்கினாரு.

"வாத்தியாருக்கு என் கேள்வி. மேட்டுல தண்ணி ஏது?"

சிலபேர் சிரிச்சுட்டாங்க. அவரு சிரிக்கலை. எழுந்து, திரும்ப மேடையேறி, மைக் முன்னாடி நின்னு பதில் சொன்னாரு: "கல்லுக்குப் பக்கத்துல ஒரு ஊத்து இருக்கு. கட்டுரையில எழுதியிருக்கேன். கேக்கிறவரு சரியாப் படிக்கணும்."

அச்சு அசல் வாத்தியாரோட நக்கல். மண்டபமே சிரிச்சுச்சு, அந்தம்மாவும் சேந்து. மறுபடி இறங்கினாரு, உக்காந்தாரு, கையைத் தூக்கினாரு.

"ஊத்து கோடையில வத்திருமே. அப்ப என்ன பண்ணுவாங்க?"

மேடையேறினாரு. பேப்பரைப் பொரட்டினாரு. அதுல பதில் இல்லைன்னு எனக்குத் தெரியும், நானும் படிச்சிருக்கேனே. சிரிப்பெல்லாம் அடங்கிப்போச்சு. மாலை போட்ட படத்தை ஒரு தடவை பாத்தாரு. போச்சு, நண்பரை இத்தனை பேர் முன்னாடி தோக்கடிச்சுட்டாரேன்னு எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிருச்சு.

அப்புறம் நிதானமாச் சொன்னாரு: "கோடையில லோடு ஏதுய்யா? ஆடியில காய் பறிக்க ஆரம்பிச்சா, தை மாசியோட முடிஞ்சுபோகுது. மூட்டை எறங்குற காலத்துல ஊத்துல தண்ணி ஓடும். ஊத்து வத்துற காலத்துல மூட்டையே கெடையாது."

சொல்லி முடிச்சுட்டு அவரே திகைச்சு நின்னாரு. தான் சொன்னதை அப்பத்தான் தானே கேக்கிறவரு மாதிரி. எந்தப் புள்ளியை வச்சு இத்தனை வருசமா வாத்தியாரை மடக்கினாரோ, அந்தப் புள்ளி போயே போச்சு. இறங்கி வந்து நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. "எனக்கு வேற கேள்வி இல்லை"னாரு. அந்த வார்த்தையை அவர் வாயில இருந்து எங்க சங்கம் கேட்டதே இல்லை. எதிராளி இடத்துல நின்னு, அவருக்காக யோசிச்சு, தன்னையே தோக்கடிச்ச ஒருத்தரை நான் வேற எந்தக் கருத்தரங்குலயும் பாக்கலை. பாக்கவும் மாட்டேன்.

நன்றியுரையில கட்டுரை கொடுத்தவங்க பேரோட வாத்தியார் பேரையும் படிச்சேன். முன்னாடி ‘மறைந்த’ன்னு போடலை. தலைவர் என்னைப் பாத்தாரு, நான் அவரைப் பாக்கலை. அந்தம்மா மேடைக்கு வந்தாங்க. ஏலக்காய் மாலையை நான் படத்துப் பக்கம் கொண்டு போனேன்.

"அங்க வேணாம் டீச்சர். அவருக்குப் பூ போட்டாச்சு. இது கட்டுரைக்கு"ன்னு கையில வாங்கிக்கிட்டாங்க.

இறங்கிப் போறப்ப பேங்க்காரர் முன்னாடி நின்னாங்க. "அண்ணே, அந்தக் கோடைப் பதிலு கட்டுரையில இல்லையில்ல? நீங்களாச் சொன்னதுதான?"

அவரு ஆமான்னு தலையை ஆட்டினாரு.

"அவரு இருந்திருந்தா, எனக்குத் தோணாதது உனக்கு எப்படிய்யா தோணுச்சுன்னு இந்நேரம் சண்டைக்கு வந்திருப்பாரு."

பேங்க்காரர் சிரிக்கத்தான் போனாரு. முடியலை. துண்டால முகத்தைப் பொத்திக்கிட்டு, "வரட்டுமேம்மா. வந்து சண்டை போடட்டுமே"ன்னாரு.