கௌஸ் மொய்தீன் செய்த இரட்டைக் கதவு

கௌஸ் மொய்தீன் ஓசூரில் ஒரு கியர் தொழிற்சாலையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். ஆனால் ஒரு கியரைக்கூட அவர் செய்ததில்லை. அடுத்தவர் செய்ததை அளந்து பார்த்துப் பாஸ் என்றோ ரிஜெக்ட் என்றோ சொல்வதுதான் அவருடைய வேலை. கிருஷ்ணகிரி பழையபேட்டையில் மாங்காய் மண்டி வைத்திருந்தவரின் மகன். ஐ.டி.ஐ. முடித்த கையோடு ஓசூருக்கு வந்தவர், தரப் பரிசோதனைப் பிரிவில் உட்கார்ந்து, அங்கேயே தலை நரைத்து ஓய்வு பெற்றார். முடியிழை அளவு பிசகு இருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது என்று லேத்தில் நிற்பவர்கள் சொல்வார்கள். அதைப் பாராட்டாகச் சொன்னவர்களும் உண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னவர்களும் உண்டு.

ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கண்ணுக்கு வேலை இல்லாமல் போயிற்று. மத்திகிரிப் பக்கம் இருந்த சொந்த வீட்டில் சுற்றிச் சுற்றி வந்து, குழாய் சொட்டுகிறது, தோசை ஒரு பக்கம் தடித்திருக்கிறது, கொடிக்கயிறு தொய்ந்திருக்கிறது என்று குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். மனைவி பேகம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு அவர் சொல்வதைக் காதில் வாங்குவதை விட்டுவிட்டாள்.

அவளுக்கு வேறு யோசனை இருந்தது. பேகம் நான்கட்டாய் பிஸ்கட் நன்றாகச் செய்வாள். கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்கள் தங்கியிருக்கும் விடுதி ஒன்று பக்கத்துத் தெருவில் இருந்தது. பெருநாளுக்கு அங்கே ஒரு டப்பா கொடுத்தனுப்பியதில் ஆரம்பித்து, இப்போது வாரம் தவறாமல் கேட்டு வருகிறார்கள். சமையலறையில் இருந்த சின்ன அடுப்பு போதவில்லை. பெங்களூரில் இருக்கும் மகள் நபீலா, மூடிவிட்ட பேக்கரி ஒன்றிலிருந்து பெரிய அடுப்பு ஒன்றைப் பேசி வைத்தாள். அதைக் கொல்லையில் இருந்த கொட்டகையில் வைப்பது என்று தாயும் மகளும் முடிவு செய்தார்கள்.

வீட்டை இவர்களுக்கு விற்றவர் மாடு கட்டுவதற்காகக் கட்டிய கொட்டகை அது. செங்கல் சுவர், தகரக் கூரை, முன்பக்கம் இரட்டைக் கதவு. பார்வைக்குச் சுவருக்கும் கூரைக்கும் ஒன்றுமில்லை. கதவுதான் போய்விட்டது. அடிப்பலகையைக் கரையான் தின்றிருந்தது. மிச்சத்தைப் பெருச்சாளி குடைந்து ஆள் கை நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டிருந்தது. பேகம் உள்ளே வைத்திருந்த மைதா மூட்டை ஒரே ராத்திரியில் பாழாயிற்று.

தச்சர் கிடைக்கவில்லை. இருந்தவர்கள் எல்லாம் புது அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மொத்தமாக வேலை எடுத்திருந்தார்கள். கொல்லைக் கொட்டகைக் கதவுக்காக யார் வருவார்கள். ஒருவர் மட்டும் வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். அப்புறம் போனை எடுக்கவில்லை. அவருக்காகக் காத்திருந்து சலித்துப்போன ஒரு காலையில், தானே செய்துவிடுவதாகக் கௌஸ் மொய்தீன் சொன்னார்.

மாவு பிசைந்துகொண்டிருந்த பேகத்தின் கை நின்றது. அவள் சிரிக்கவில்லை.

"செய்யுங்க. அடுப்பு உள்ள போவணும், பெருச்சாளி உள்ள போவக்கூடாது. அவ்ளோதான் எனக்கு."

ஜூஜூவாடியில், கர்நாடக எல்லைக்குக் கொஞ்சம் முன்னால், கங்கப்பன் என்பவர் மரக்கடை வைத்திருந்தார். தொழிற்சாலைகளுக்கு இயந்திரங்கள் வந்திறங்கும் பெட்டிகளைப் பிரித்து அந்தப் பலகைகளை விற்பவர். கௌஸ் மொய்தீன் அங்கே போய் ஒவ்வொரு பலகையாக எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் விளிம்பைப் பார்த்து, வளைந்ததையெல்லாம் ஒதுக்கித் தள்ளினார். கதவுக்குப் பலகை பார்க்கிறீர்களா, வீட்டுக்கு மருமகள் பார்க்கிறீர்களா என்று கங்கப்பன் கன்னடத்தில் கேட்டார். மருமகன் பார்த்தபோதுகூட இவ்வளவு பார்க்கவில்லை என்று இவரும் கன்னடத்திலேயே சொன்னார். இருவரும் சிரித்தார்கள். நல்ல பலகைகளாகவே வீட்டுக்கு வந்தன.

அதற்குப் பிறகுதான் கஷ்டம் தொடங்கியது. பென்சிலால் கோடு போடுகிறவரை அவரை மிஞ்ச ஆளில்லை. ரம்பத்தைக் கோட்டின்மேல் வைத்தால் அது தன் வழியே போயிற்று. கோணலாகப் போவது கண்ணுக்குத் தெரிந்தது. நிறுத்தக் கைக்குத் தெரியவில்லை. முதல் நாள் அறுத்த பலகைகள் எல்லாம் அடுப்பெரிக்கத்தான் ஆயின. தன்னிடம் வேறு யாராவது இப்படி ஒன்றைக் கொண்டுவந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று அவருக்கே தெரியும். பேகம் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கீழே கிடந்த துண்டுகளைப் பார்க்காதவள்போலப் போய்விட்டாள்.

மெல்ல மெல்லக் கை படிந்தது. பழைய கதவுகளைக் கழற்றித் தரையில் கிடத்தி, நீள அகலங்களை அளந்து, அதே அளவில் இரண்டு கதவுகளைச் செய்தார். பலகைகளை நெருக்கமாக அடுக்கி, மேலும் கீழும் குறுக்குச் சட்டம் அடித்து, நடுவில் மூலைக்கு மூலை சாய்வாக ஒரு கட்டையும் வைத்தார். இரண்டு கதவும் அச்சில் வார்த்ததுபோல ஒன்றாக இருந்தன. ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்த்தார். ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

பக்கத்தில் ரோஜா பயிரிடும் எல்லப்பனைத் துணைக்குக் கூப்பிட்டுக் கதவுகளைத் தூக்கி நிறுத்தினார். ஒன்று மேலே இடித்தது. மற்றொன்றுக்கும் நிலைக்கும் நடுவே உள்ளங்கை அகலத்துக்குச் சந்து. நிலைச்சட்டத்தை மூலைக்கு மூலை குறுக்காக அளந்து பார்த்தார். இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் இரண்டு விரற்கடை வித்தியாசம். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. ஒரு பக்கச் சுவர் எப்போதோ மண்ணில் இறங்கி நிலையும் அதோடு சாய்ந்திருந்தது. பழைய கதவுகளை யாரோ அவ்வப்போது செதுக்கிச் செதுக்கி ஒட்டவைத்து ஓட்டியிருக்கிறார்கள்.

தன் கதவில் குற்றமில்லை, நிலைதான் ரிஜெக்ட், அதைப் பெயர்த்துச் சுவரை இடித்துக் கட்டினால்தான் சரிப்படும் என்று அவர் எல்லப்பனிடம் சொல்லிக்கொண்டிருந்தது பேகத்தின் காதில் விழுந்தது. அவள் கொல்லைப்படி இறங்கி வந்தாள்.

"அடுப்பு வெள்ளிக்கிழமை வந்துரும். அதுக்குள்ள செவுத்தை யாரு இடிக்கறது? செவுரு எப்படி நிக்குதோ அதுக்குத்தாங்க கதவு. நம்ம ரெண்டு பேருல யாரு நேரா இருக்கறோம்? குடும்பம் நடக்கலயா?"

எல்லப்பன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். கௌஸ் மொய்தீன் கையைக் கழுவிக்கொண்டு அஸர் தொழுகைக்குப் போனார். கோபம்தான். ஆனால் அவள் மேலா, சுவர் மேலா, தன் மேலா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் ரசமட்டத்தையும் மூலைமட்டத்தையும் பெட்டியில் போட்டு மூடினார். கதவை நிலையோடு சேர்த்து நிறுத்தி, நிலை எப்படிச் சாய்ந்திருந்ததோ அப்படியே பென்சிலால் கோடு இழுத்தார். அந்தக் கோணல் கோட்டில் இழைத்தார். ஒரு பக்கம் சந்து விழுந்த இடத்தில் பலகைத் துண்டு ஒட்டவைத்தார். சாயங்காலம் கதவு இரண்டும் மாட்டி மூடியாயிற்று. ஈர்க்குச்சி நுழைய இடமில்லை. பேகம் திறந்து மூடிப் பார்த்து, "நல்லாருக்குது" என்றாள். அந்த ஒரு வார்த்தையை அவர் அன்றைக்கு எத்தனை முறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

சந்தோஷம் நீடிக்கவில்லை. ஓரிரு நாளிலேயே இடது கதவு தொங்க ஆரம்பித்தது. திறந்தால் நுனி தரையைக் கீறிக்கொண்டு போனது. வலது கதவு மாட்டியபடியே நின்றது. அதே மரம், அதே அளவு, அதே கீல், அதே கை. ஸ்க்ரூவை இறுக்கினார், கீலை மாற்றினார். மறுபடியும் தொங்கியது.

கேட்கக்கூடிய ஆள் ஒருவன் இருந்தான். பாகலூர் ரோட்டில் கிரில் பட்டறை வைத்திருக்கும் வெங்கட். அதே தொழிற்சாலையில் லேத் ஓட்டியவன். அவன் செய்து கொண்டுவந்ததில் எத்தனையோ கியர்களைத் திருப்பி அனுப்பியவர் இவர்தான். கதவு செய்யத் தெரியவில்லை என்று அவனிடம் போய் நிற்பதா என்று யோசித்தார். வெள்ளிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. போனார்.

வெங்கட் ஒன்றும் கேட்காமல் பைக்கை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தான். உள்பக்கம் போய் நின்று இரண்டு கதவையும் மாறி மாறிப் பார்த்தான்.

"பாய் சார், ரெண்டையும் ஒரே மாதிரி செஞ்சிருக்கீங்க."

"ஒரே மாதிரிதானே இருக்கணும்?"

"கியர்னா சரிங்க. இது ஜோடி. கண்ணாடியில பாக்கற மாதிரி ஒண்ணுக்கொண்ணு திரும்பி இருக்கணும். சாய்வுக் கட்டை கீல் பக்கத்து அடியிலருந்து மேல ஏறுனாத்தான் கதவு பாரத்தைத் தாங்கும். வலதுல அப்படித்தான் இருக்குது. இடதுல திரும்பிப் போச்சு. தாங்கறதுக்கு ஒண்ணுமில்ல, அதான் தொங்குது."

கௌஸ் மொய்தீன் சாய்வுக் கட்டையைத் தடவிப் பார்த்தார். அவன் சொன்னது உடனே புரிந்தது. இத்தனை நாள் அது கண் முன்னாலேயே இருந்திருக்கிறது.

இருவருமாகக் கதவைக் கழற்றி, எதிரெதிரே தள்ளி வைத்த இரண்டு டிரம்களின்மேல் கிடத்தினார்கள். கட்டையைப் பிடுங்கிவிட்டு, புதுக் கட்டையை மறுபக்கமாக வைத்து அளந்தார்கள். வெங்கட் ரம்பத்தை எடுக்கப் போனான். தானே அறுப்பதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார். இந்த முறை ரம்பம் கோட்டிலேயே போயிற்று. பாதியில் நிறுத்திவிட்டு, தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"ஒண்ணு ஒழுங்கா வர்றதுக்கு எத்தனை கெடணும்னு எனக்குத் தெரியாது வெங்கட். நான் அளக்கற பக்கமே இருந்துட்டேன்."

வெங்கட் கட்டையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். "திருப்பி அனுப்பறப்ப உங்களைத் திட்டாத நாளில்ல சார்," என்றான். "ஆனா உங்க கையில பாஸாச்சுன்னா வெளிய போயி திரும்பி வராதுன்னு எங்களுக்கு ஒரு தைரியம் இருந்துச்சு. நான் பட்டறை போட்டப்புறம், இதை பாய் சார் விடுவாரான்னு பாத்துட்டுத்தான் கிரில்லை வண்டியில ஏத்தறேன்."

அவர் மீதியை அறுத்து முடித்தார். பேகம் வெங்கட்டைச் சாப்பிடாமல் அனுப்பவில்லை; போகும்போது வீட்டுக்கு ஒரு டப்பா நான்கட்டாயும் கொடுத்தாள்.

கதவு மறுபடி ஏறியது, ஏறிய இடத்தில் நின்றது. எந்த வண்ணம் அடிப்பது என்பதைப் பேகம் முடிவு செய்தாள். தூரத்திலிருந்தே தெரியும் மஞ்சள். கௌஸ் மொய்தீனுக்கு அது கண்ணைக் குத்தியது. ஆனாலும் இரண்டு முறை பூசினார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து அவர் வீடு திரும்பியபோது வாசலில் டெம்போ நின்றது. நபீலா முன்சீட்டிலிருந்து இறங்கினாள். அடுப்பு நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. நாலு பேர் சேர்ந்து உருளைக் கம்பிகளின்மேல் தள்ளிக்கொண்டு கொல்லைக்குக் கொண்டுபோனார்கள். பேகம் முன்னால் ஓடி இரண்டு கதவையும் அகலத் திறந்து பிடித்துக்கொண்டாள். நிலையைத் தாண்டும்போது எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். இரு பக்கமும் ஒரு விரல் இடம் விட்டு அடுப்பு உள்ளே போய் உட்கார்ந்தது.

"கதவு யாரும்மா செஞ்சது?" என்று நபீலா கேட்டாள்.

"உங்க அத்தாதான்," என்றாள் பேகம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமையைக் கௌஸ் மொய்தீன் இதற்கு முன் எப்போது பார்த்தார் என்று அவருக்கு நினைவில்லை. டெம்போக்காரனுக்கு வழி சொல்லும் சாக்கில் வாசலுக்குப் போய்விட்டார்.

அந்த வாரமே நல்ல மழை பிடித்தது. கொட்டகைக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. பெருச்சாளி இரண்டு நாள் வெளியே மண்ணைப் பறித்துப் பார்த்துவிட்டு வேறு வீடு தேடிப் போயிற்று. விடுதிப் பெண்கள் ஷிப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் மஞ்சள் கதவைப் பார்த்து நேராக வந்தார்கள்.

ஒரு நாள் நான்கட்டாய் வாங்க வந்த எல்லப்பன், ரோஜாத் தோட்டத்து மோட்டார் கொட்டகைக்கும் கதவில்லை, ஓய்ந்த நேரத்தில் ஒன்று செய்து தர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். கௌஸ் மொய்தீன் செருப்பை மாட்டிக்கொண்டு அப்போதே கிளம்பினார். தோட்டத்தில் போய்ப் பார்த்தால், அங்கே நிலை இவர்கள் வீட்டு நிலையைவிட மோசமாகச் சாய்ந்திருந்தது. அவர் அதைச் சுற்றி வந்தார். உட்கார்ந்து பார்த்தார், நின்று பார்த்தார்.

"முடியுமா பாய்?" என்றார் எல்லப்பன்.

"கொஞ்சம் பலகை கெடும். பரவாயில்ல," என்று சொல்லிவிட்டு, டேப்பின் ஒரு நுனியை எல்லப்பன் கையில் கொடுத்தார்.