பூட்டிய கழிப்பறையும் எம்.பி. டெரிக்கும்

யார்க்‌ஷயரில் கார்த்வெல் என்ற சின்ன ஊரின் வாரப் பத்திரிகையில் டெரிக் ஓல்ட்ராய்ட் இருபத்திரண்டு வருஷம் எழுதினார். பூனை காணாமல் போனதும் அவர் எழுதியதுதான், மேயர் வழுக்கி விழுந்ததும் அவர் எழுதியதுதான். ஆனால் ஊர் அவரைக் கொண்டாடியது சந்தைக் கழிப்பறைக்காக. அதைப் பூட்டிய நாளிலிருந்து அன்றைய எம்.பி.யை வாரம் தவறாமல் வறுத்தெடுத்தார். கடைசியில் ஜனங்கள், "இவ்வளவு தெரிஞ்ச நீயே நில்லேன்" என்றார்கள். நின்றார், ஜெயித்தார், லண்டன் போனார்.

அதற்கப்புறம் எட்டு வருஷம் ஆகிவிட்டது. கழிப்பறை இன்னும் திறந்தபாடில்லை. டெரிக்தான் மாறியிருந்தார். கேள்வி கேட்டே பழகிய மனுஷன், இப்போது யார் எதைக் கேட்டாலும் வேறு ஏதோ கேள்விக்கான பதிலைச் சொன்னார்.

அடுத்த தேர்தலுக்கும் அவரையே நிறுத்துவதா என்று முடிவு செய்யக் கட்சிக்காரர்கள் தேவாலயக் கூடத்தில் கூடினார்கள். அன்று ஓட்டு விழாவிட்டால் அவருக்கு லண்டன் இல்லை; பத்திரிகையில் அவர் நாற்காலியில் வேறொருத்தர் உட்கார்ந்து வெகுகாலமாகிறது.

பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் சாலையைக் கடக்க உதவும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வினிஃப்ரெட் எழுந்து, கையிலிருந்த ஒரு தாளைப் படித்தாள்.

"'நம் எம்.பி.க்கு லண்டனில் நூறு கழிப்பறை. நமக்கு இருந்தது ஒன்று, அதற்கும் பூட்டு.' இதுக்கு என்னப்பா சொல்றே, டெரிக்?"

டெரிக் பெருந்தன்மையாகச் சிரித்தார். "எழுதினவனுக்கு நிர்வாகம்னா என்னன்னே தெரியல, வினிஃப்ரெட். பேனா கெடைச்சுது, கிறுக்கிட்டான். ஒரு நாள் பார்லிமெண்ட்ல வந்து உக்காந்து பாக்கட்டும், அப்ப தெரியும்."

"எட்டு வருஷமா உக்காந்துதானே இருக்கான். இது நீ எழுதினது, கண்ணு. போன எம்.பி.யப் பத்தி. நான் வெட்டி வெச்சிருந்தேன்."

 அந்த ஊரில் ஒரு மனிதரை முகத்துக்கு நேரே சங்கடப்படுத்துவது பெரிய பாவம். கழிப்பறையைத் திறக்காததை ஆண்டவர் மன்னித்தாலும் மன்னிப்பார், இதை மன்னிப்பாரோ என்னவோ. எல்லாரும் தங்கள் டீக் கோப்பைக்குள் பார்த்தார்கள். கூட்டத் தலைவர் சிரில், "டீ ஆறுது" என்றார்.

டீ குடித்துக்கொண்டே ஒவ்வொருவராக டெரிக்கின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். "அருமையாப் பேசினே." "உன்னை மாதிரி ஒருத்தர் கெடைக்கணுமே." பிஸ்கட் தட்டை அவர் பக்கமாகவே நகர்த்தினார்கள். டெரிக்குக்கு உயிர் வந்தது.

பிறகு சீட்டு எழுதிப் பெட்டியில் போட்டார்கள். சீட்டில் யாரும் தங்கள் பெயரை எழுத வேண்டியதில்லை அல்லவா? வேண்டும் என்று ஒன்பது, வேண்டாம் என்று நாற்பத்தொன்று.

எல்லாரும் நழுவிய பிறகு டெரிக் சமையல்கட்டுக்குப் போனார். வினிஃப்ரெட் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தானே சொன்னாங்க?"

"நல்லாப் பேசினேன்னுதானே சொன்னாங்க. நான் உனக்குத்தான் போட்டேன்."

"நீங்களா? ஏன்?"

"புதுசா வர்றவனுக்குச் சாவி யார்கிட்ட இருக்குன்னு தெரியவே இன்னும் எட்டு வருஷம் ஆகும். எனக்கு அவ்வளவு நாள் தாங்காது."

டெரிக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுத் துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். ஐம்பது கோப்பை. எம்.பி.யானதிலிருந்து ஊருக்கென்று அவர் எடுத்து முடித்த முதல் வேலை அது.