பானையில் தண்ணீர் இல்லை

முட்டாள்களில் பல வகை உண்டு. சொன்னதைக் கேட்காமல் கெட்டவன் ஒரு வகை, பாதி கேட்டுக் கெட்டவன் ஒரு வகை. நான் அட்சரம் பிசகாமல் கேட்டுக் கெட்டவன். முதலாளி சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தை இரண்டு காதாலும் வாங்கி, சிரத்தையாக நிறைவேற்றி, அதனாலேயே வேலை போகிற நிலைமைக்கு வந்தேன். கொஞ்சம் செவிடாக இருந்திருந்தால் பிழைத்திருப்பேன்.

அப்போது காந்தி ரோட்டில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் இருந்தேன். பிள்ளையார்பாளையத்து நெசவாளி மகன்தான். ஆனால் என்னைத் தறியில் உட்கார வைத்துப் பார்த்தவர்கள் எல்லாரும் சீக்கிரமே கையெடுத்துக் கும்பிட்டு எழுப்பி விட்டார்கள். "உன் வாய் ஓடுற வேகத்துக்கு நாடா ஓடிச்சின்னா நாம மாடி வூடு கட்டிடலாம்டா" என்றார் அப்பா. வாய் ஓடுவதற்கென்றே இருக்கிற தொழில் புடவை விற்பது. வெள்ளை விரிப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முந்தானையை விசிறிக் காட்டி, "இதக் கட்டிக்கினு போனா மாமியாரே ஏந்திரிச்சி எடம் குடுப்பாங்கம்மா" என்று ஆரம்பித்தேன் என்றால் நிறுத்த மாட்டேன். பழைய முதலாளி வயிறு குலுங்கச் சிரிப்பார். அவர் சிரிப்பதைப் பார்த்து வந்தவர்களும் சிரிப்பார்கள். சிரித்தவர்கள் வாங்கித்தான் ஆக வேண்டும்.

அந்தக் கடையில் எங்களுக்குள் ஒரு மறைபேச்சு இருந்தது. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளி, எதிரே இருக்கும் வாடிக்கையாளருக்குத் தெரியாமல் எங்களுக்கு உத்தரவு போட வேண்டுமே! "அம்மாவுக்குக் காபி சொல்லுப்பா" என்றால், பெரிய இடம், விலையில் இறங்காதே. "மோர் குடுப்பா" என்றால், கொஞ்சம் குறைத்தாவது பிடித்துக்கொள், விட்டுவிடாதே. "தண்ணி குடுப்பா" என்றால், இது வாங்குகிற கை இல்லை, அனுப்பிவிடு. தண்ணி என்று சொல்லிவிட்டால் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது. "பானையில தண்ணி தீந்துபோச்சேம்மா" என்று வருத்தப்பட்டுக்கொண்டே புடவைகளை மடிக்கத் தொடங்க வேண்டும். தாகத்தோடு யாரும் அதிக நேரம் உட்கார மாட்டார்கள்.

தனியார் பஸ்களையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. ஊரில் எல்லாமே கை மாறிக்கொண்டிருந்ததால், எங்கள் கடையும் கை மாறியபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. பழைய முதலாளி மெட்ராசில் மகனோடு இருக்கப் போய்விட்டார். வாங்கியவர் மாகறல் பக்கத்து ரைஸ் மில்காரர். நெல்லை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்து ஈரம் பார்க்கிறவர். முதல் நாள் என்னையும் அப்படித்தான் பார்த்தார்.

கடையில் விற்பனைக்கு நாங்கள் இரண்டு பேர். நானும், வீட்டில் தெலுங்கு பேசுகிற என் கூட்டாளியும். அவன் தேவைக்கு மேல் ஒரு சொல் பேச மாட்டான். நான் வரம்பு மீறும்போது மட்டும் முழங்காலில் இடித்து, "ஊருக்கோ" என்பான். சும்மா இரு என்று அர்த்தம். காஞ்சிபுரத்தில் தெலுங்கு தெரியாதவர்களுக்கும் அந்த ஒரு வார்த்தை தெரியும்.

புது முதலாளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இம்மாத்தூண்டு கடைக்கு ரெண்டு பேர் எதுக்கு? கருட சேவை ஆவட்டும். அப்பால ஒருத்தர் போதும்."

அவ்வளவுதான். யார் அந்த ஒருத்தர் என்று சொல்லவில்லை.

அன்றிலிருந்து அவரைச் சிரிக்க வைத்துவிடுவது என்று இறங்கினேன். எனக்கு வேறு என்ன தெரியும்? மாமியார் நகைச்சுவை சொன்னேன். சுவரைப் பார்த்தார். மாட்டுவண்டிக்காரர் பட்டு வாங்க வந்த கதையை நடித்தே காட்டினேன். "மில்லுல பெல்ட்டு கயண்டா இப்படித்தான் சத்தம் வரும்" என்றார். கூட்டாளி என் முழங்காலை இடித்தான். வீட்டில் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் மனைவி வாசலிலேயே கேட்பாள்:

"இன்னிக்காவது சிரிச்சாரா?"

"சிரிக்கிற மாதிரி வந்தாரு. அப்பறம் அது கொட்டாவின்னு தெரிஞ்சிது."

அவள் சிரிக்காமல் உள்ளே போவாள். அவள் அண்ணன் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்ட ஆள் தேவை என்று இரண்டு முறை சொல்லி அனுப்பியிருந்தார்.

இதற்கு நடுவே இன்னொரு கவலை. காபி, மோர், தண்ணி எதையும் புது முதலாளி சொல்லவே இல்லை. கூட்டாளி ஒருநாள், "அவுருக்கு அது தெரியாதுன்னு நெனைக்கிறேன். கேட்டுடலாமா?" என்றான்.

"கேட்டா, இத்தினி நாளா கடையில திருட்டு பாஷை பேசிக்கினு இருந்தீங்களான்னு ரெண்டு பேரையும் அனுப்பிடுவாரு. பழையவரு சாவிக்கொத்தோட இதையும் சொல்லிக் குடுத்துட்டுத்தான் போயிருப்பாரு. இவரு நம்மள ஆழம் பாக்கறாருப்பா" என்றேன். என் அறிவுக்கூர்மையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கே மயிர்க்கூச்செறிகிறது.

வரதர் கோயில் பக்கம் பந்தல் மூங்கில் வந்து இறங்கிவிட்டது. கருட சேவை நெருங்குகிறது என்று அர்த்தம். அந்த வெயிலில், மத்தியான நேரம், ஒரு நடுத்தர வயது அம்மாள் பெண்ணோடு கடைக்குள் வந்தார். கிராமத்துக் கட்டு, செம்மண் படிந்த கால். "பொண்ணுக்குக் கூறப்பொடவ பாக்கணும்" என்றார். நான் அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டேன். அந்த அம்மாள் புடவையைத் தொட்டாரே தவிர, பார்க்கவில்லை. கல்லாப் பக்கமே கண் போய்ப் போய் வந்தது. முதலாளியோ அவர்கள் வந்த நொடியிலிருந்து சுவரில் தொங்கிய காலண்டரை, அதில் ஏதோ புதிதாக அச்சாகிவிட்டதைப் போல, முறைத்துக்கொண்டிருந்தார். கழுத்தில் வேர்வை ஓடியது.

நான் உள்ளுக்குள் கணக்குப் போட்டேன். வந்தவருக்குப் புடவையில் கண் இல்லை. முதலாளிக்கு எரிச்சல். ஏதோ சொல்லப் போகிறார்.

சொன்னார். தொண்டையைச் செருமிக்கொண்டு, காலண்டரைப் பார்த்தபடியே, "அம்மாவுக்குத் தண்ணி குடுப்பா" என்றார்.

எனக்குத் தேர் நிலைக்கு வந்தது போல இருந்தது. பேசிவிட்டார்! எங்கள் பாஷையைப் பேசிவிட்டார்! கூட்டாளி முழங்காலில் இடித்தான். "ஊருக்கோ" என்றான், பல்லுக்குள். ஒருத்தர்தான் மிஞ்சப் போகிறோம், இவன் முந்தப் பார்க்கிறான் என்றுதான் எனக்குப் பட்டது. முகத்தில் துக்கத்தை வரவழைத்துக்கொண்டு, "பானையில தண்ணி தீந்துபோச்சேம்மா" என்றேன். சொல்லிக்கொண்டே அரக்குப் புடவையை மடித்தேன். "இந்த நெறம் பாப்பாவுக்கு எடுக்காது. எதிர்க்கடையில பாருங்க, தண்ணியும் இருக்கும்."

பானை எனக்குப் பின்னாலேயே இருந்தது. அப்போதுதான் நிரப்பியது. வெளிப்பக்கம் முழுக்க முத்து முத்தாகக் கசிந்து, கீழே மணலை நனைத்துக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் பானையைப் பார்த்தார். பிறகு கல்லாவைப் பார்த்தார். மெதுவாக எழுந்தார்.

"ஏந்திரிமா. இந்த எடத்துல தண்ணி வத்திப் போச்சாம்."

அவர்கள் படியிறங்கும் வரைக்கும் முதலாளி அசையவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். என்னை நேராகப் பார்த்தார்.

"ஏம்ப்பா அப்படிச் சொன்ன?"

"நீங்கதானே மொதலாளி தண்ணி குடுக்கச் சொன்னீங்க..."

"தண்ணி குடுன்னா?"

காபியையும் மோரையும் தண்ணியையும் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தேன். அத்தனை வருஷத்தில் என் வாய் தடுக்கி விழுந்தது அன்றைக்குத்தான். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"அது எங்க அக்கா" என்றார். "நெலத்துத் தகராறுல, உன் வாசல்ல பச்சத் தண்ணி கூட குடிக்க மாட்டேன்னுட்டுப் போனவங்க. இன்னிக்கித்தான் வந்தாங்க."

திட்டியிருந்தால் தேவலை. காலண்டர் பக்கமே திரும்பிக்கொண்டார். கூட்டாளி, "அவுங்க அக்கா கோச்சிக்கினு போனதப் பத்தி அடிக்கடி போன்ல பேசுவாரு. நீ அதக் கேக்காம சிரிப்புக் காட்டிக்கினு இருந்தே" என்றான் காதோடு. பஞ்சர் ஒட்டும் பசையின் வாடை எனக்கு அப்போதே வந்துவிட்டது.

நான் சொம்பை எடுத்துப் பானைக்குள் விட்டேன். நிரம்பியதும் தெருவில் ஓடினேன். காந்தி ரோட்டில் வெயில் நேரத்தில் ஒருவன் தண்ணீர்ச் சொம்போடு ஓடினால் ஊர் சும்மா இருக்குமா? டீக்கடையிலிருந்து ஒருத்தர், "இன்னா வாத்தியாரே, எங்க தீப்புடிச்சிக்கிச்சி?" என்றார். "எனக்குத்தான்" என்று கத்தினேன். அது நகைச்சுவை இல்லை.

பஸ் ஸ்டாண்டில், திருப்புட்குழி வழியாகப் போகிற பஸ் உறுமிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் ஜன்னலோரம் இருந்தார். ஏறினேன். கண்டக்டர், "ஏம்ப்பா, ரேடியேட்டருக்கு ஊத்துற தண்ணிய பஸ்ஸுக்குள்ளயா எடுத்தாருவ?" என்றார். பஸ் நகர்ந்தது. பாதித் தண்ணீர் என் வேட்டியில்தான் இருந்தது.

"அம்மா, அவுரு மெய்யாலுமே தண்ணிதான் குடுக்கச் சொன்னாரு. எங்க கடை பாஷையில தண்ணின்னா வேற. அவுருக்கு அது தெரியாது. எனக்கு அவுர் பாஷை தெரியாது" என்று ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன்.

பெண்தான் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அம்மாள் சிரிக்கவில்லை. குடும்பத்துக்கே சிரிப்பு கிடையாது போலிருக்கிறது.

"அவன் வாயால சொன்னானா?"

"சொன்னாரும்மா. காலண்டரப் பாத்துக்கினு சொன்னாரு."

"அவன் அப்பிடித்தான். சின்னதுலர்ந்தே" என்றார். சொம்பை வாங்கினார். ஆடுகிற பஸ்ஸில் அண்ணாந்து, உதடு படாமல், மிச்சமிருந்த அத்தனையையும் குடித்தார். நான் கை நீட்டினேன். அவர் சொம்பைக் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"சொம்பு வேணும்னா அவனையே வந்து வாங்கிக்கினு போவச் சொல்லு."

கண்டக்டர் விசில் ஊதி என்னை இறக்கிவிட்டார். வந்த தூரம் முழுக்க நடந்தேன். கடைக்குள் வெறுங்கையோடு போய் நின்று, அந்த அம்மாள் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். இனிமேல் ஒரு சொல்லுக்கும் உரை எழுதுவதில்லை என்று வழியிலேயே முடிவு செய்திருந்தேன்.

"குடிச்சாங்களா?" என்றார்.

"ஒரு சொட்டு மிச்சம் வெக்கல."

அவர் எழுந்தார். கல்லாவைப் பூட்டினார். சாவியைக் கூட்டாளியிடம் கொடுத்தார். என்னிடம் கொடுக்கவில்லை. நான் மடித்து வைத்த அரக்குப் புடவையை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, செருப்பை மாட்டிப் படியிறங்கினார். கருட சேவைக்கு இன்னும் நாள் இருந்தது. ஆனால் அதுவரைக்கும் பொறுக்க எனக்குத் தெம்பு இல்லை.

"மொதலாளி" என்றேன். "எனக்குத் தண்ணிதானுங்களா?"

அவர் திரும்பவில்லை.

"மோரு."