தசம எண்களில் பிடிபட்ட விசில்

இலங்கையில் போர் முடிந்து, எங்கள் கடலோர ஊரான ஆலங்குடாவுக்குச் சுற்றுலாப் பயணிகள் வரத் தொடங்கியிருந்த காலம். என் கணவர் அவர்களைப் படகில் ஏற்றிப்போய் டொல்பின் காட்டுவார். நான் கணினி படித்துவிட்டு வீட்டில் இருந்தேன். நீருக்கடியில் டொல்பின்கள் விசிலடிப்பதைப் பயணிகளுக்குக் கேட்கவைக்க வேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை. தண்ணீருக்குள் இறக்கும் மைக் ஒன்று வாங்கி, ஒரு காலை முழுக்கப் பதிவுசெய்தோம்.

வீட்டில் போட்டுப் பார்த்தால் எஞ்சின் உறுமல்தான். விசில் அடியில் எங்கோ நூலாகக் கேட்டது.

"இதுக்கா இவ்வளவு பாடு?" என்றார் கணவர்.

"பொறுங்க. உள்ளுக்க இருக்கு. நான் எடுத்துத் தாறன்."

உறுமலை வடித்து, மிச்சத்தை உயர்த்த நானே ஒரு கணினி நிரல் எழுதினேன். கணினிக்கு ஒலி என்பது எண்களின் நீண்ட வரிசை. நான் அவற்றை முழு எண்களாக வைத்திருந்தேன். வடிக்கும்போது புள்ளிக்குப் பின்னால் உள்ளது உதிர்ந்து, விசிலின் நுண்ணிய அசைவுகள் பூச்சியமாகிப் போயின. உயர்த்தும்போது பெரிய எண்கள் தமக்கு ஒதுக்கிய இடத்தின் எல்லையில் முட்டி வெட்டுப்பட்டன. ஸ்பீக்கரில் தகரம் கிழிபடும் சத்தம்தான் வந்தது.

காரணம் விளங்கியதும் எல்லாவற்றையும் தசம எண்களாக்கினேன், அதுவும் பதினைந்து இலக்கம்வரை பிடிக்கும் இரட்டைத் துல்லியத்தில். ஒவ்வோர் எண்ணும் எட்டு பைட். முழுப் பதிவையும் ஏற்றியதும் என் பழைய மடிக்கணினி அப்படியே விறைத்து நின்றது. துண்டாக்கிச் செய்தால் ஒட்டிய இடமெல்லாம் 'டிக்' என்றது. அழுகை வந்தது.

மீன் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது: மனிதக் காதுக்கு அவ்வளவு துல்லியம் எதற்கு? ஏழு இலக்கம் பிடிக்கும் ஒற்றைத் துல்லியம் போதுமே. நாலே பைட், பாதி இடம். சின்ன அசைவும் அழியாது, எல்லை தாண்டிய எண்ணும் வெட்டுப்படாது; கடைசியில் மொத்தச் சத்தத்தையும் ஒரேயடியாகக் குறைத்துக்கொள்ளலாம். கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன்.

இம்முறை கணினி நிற்கவில்லை. உறுமல் விலகி, விசில்கள் ஒன்றன்மேல் ஒன்றாய், தெளிவாய், வளைந்து வளைந்து எழுந்தன. ஹெட்போனைக் கணவரின் காதில் மாட்டினேன்.

"யா அல்லாஹ்! இதுகள் கதைக்குதுகள்!" என்று கத்தினார். பிறகு என்னைப் பார்த்து, "நீ செஞ்சிட்டாய்!" என்றார்.

மறுநாள் கரையில் பெரிய ஸ்பீக்கரில் போட்டோம். வலை உதறியவர்களும் பயணிகளும் சூழ்ந்துகொண்டார்கள். அண்ணன் முறையில் நான் 'நானா' என்று கூப்பிடும் பக்கத்துப் படகுக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, எங்கட படகுக்கும் இப்படி ஒண்டு செஞ்சு தருவீங்களா?"

"ஓம் நானா, மைக்கை மட்டும் வாங்கிக்கொண்டு வாங்க!" என்றேன், அலைச் சத்தத்துக்கும் மேலாக.