தேநீர் நேரத்தில் துண்டிக்கச் சொன்னார்கள்

இந்த நாட்டில் காலை பத்து மணித் தேநீருக்கு ‘ஸ்மோக்கோ’ என்று பெயர். புகைக்காதவனும் போவான், அறுக்கும் வாள் பாதி மரத்தில் நின்றாலும் போவான். வந்த புதிதில் அது எனக்கு விசித்திரமாக இருந்தது. அந்தக் கால்மணி நேரத்தைக் களவாடத்தான் என்னை ஒருநாள் அனுப்பினார்கள்.

ஆக்லாந்தின் புறநகரான ஹென்டர்சனில் ஒரு சிறிய நிறுவனத்தில் எனக்கு வேலை. தூரத்துக் கிளைகளுக்குப் போய்த் தொலைபேசி, ஃபாக்ஸ், கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுப்போம். கிளை மூடப்பட்டால் கழற்றிக்கொண்டு வருவோம். ஆக்லாந்துக்கு வடக்கே, மூன்றரை மணி நேர ஓட்டத்தில், ஒரு மர ஆலை. இரண்டு வருடங்களுக்கு முன் அங்கே ஆறு தொலைபேசிகளைப் பூட்டியவன் நான்தான். அலுவலகத்தைக் கவனித்த ஹேசல் என்ற மாவோரிப் பெண் முதல் அழைப்பை எடுத்தாள். சிவபாதம் என்ற என் பெயரை வெட்டாமல் சொல்லப் பழகியவளும் அவள் ஒருத்திதான்.

இந்த முறை மேலாளர் கிரேம் சொன்னார்: “ஸ்மோக்கோ நேரத்தில் எல்லாவற்றையும் கழற்றிவிடு. கேட்டால் அப்கிரேட் என்று சொல். பதினொரு மணிக்கு ஆலை முதலாளிகளின் ஆட்கள் வந்து ஆலையை மூடும் செய்தியைச் சொல்வார்கள்.”

ஆட்களுக்குச் சொல்லுமுன் தொலைபேசியை ஏன் வெட்ட வேண்டும்? கைத்தொலைபேசி பரவாத காலம்; தொழிற்சங்கத்தை யாரும் அழைத்துவிடக் கூடாது. அவ்வளவுதான். இயந்திரங்கள் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்று பட்டியல் எழுதியிருந்தார்கள். மனிதருக்கு ஒரு வரிகூட இல்லை.

என்னைக் கண்டதும் ஹேசல் எழுந்து வந்தாள். “புதியது பூட்ட வந்தாயா? அப்படியென்றால் ஆலை இன்னும் பல வருடம் ஓடும்!”

நான் யாழ்ப்பாணத்தில் தொலைபேசி நிலையத்தில் வேலை செய்தவன். சண்டைக் காலத்தில் கொழும்புத் தொடர்பு அறுந்த நாளில் வாசலில் சனம் கூடி நின்றது. “தம்பி, லைன் எப்ப வரும்? மகன் எடுக்கிறதெண்டு சொன்னவன்” என்று ஒரு தாய் கேட்டார். எனக்கே தெரியாது. எங்கோ ஒரு மேசையில் யாரோ எடுத்த முடிவு; அதை நிறைவேற்றக் கம்பியின் மறுமுனையில் என்னைப் போல் ஒருவன் இருந்திருப்பான். அவனுக்கும் ஒரு கிரேம் இருந்திருப்பான். கம்பியை வெட்டிய அவனை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

“ஹேசல், இது அப்கிரேட் இல்லை. ஆலையை மூடப் போகிறார்கள். பதினொரு மணிக்குச் சொல்வார்கள். தொலைபேசிகளில் நான் இன்னும் கை வைக்கவில்லை.”

அவள் நேரே தேநீர் அறைக்குப் போனாள். சிறிது நேரத்தில் மரத்தூள் படிந்த சப்பாத்துகளோடு ஆட்கள் ஆறு தொலைபேசிகளையும் சூழ்ந்தார்கள். ஒருவர் சங்கத்தை அழைத்தார். இன்னொருவர் மனைவியிடம், “இல்லை, எனக்கு ஒன்றும் ஆகவில்லை” என்றே திரும்பத் திரும்பச் சொன்னார்.

பதினொரு மணிக்கு வந்த கோட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சீறினார்: “லைன் ஏன் இன்னும் இருக்கிறது?”

“ஸ்மோக்கோவுக்குப் போயிருந்தேன்” என்றேன்.

ஆலை மூடப்பட்டது. அதை என்னால் தடுக்க முடியவில்லை. ஆனால் சங்கத்து ஆள் வந்து வாசிக்கும்வரை ஒருவரும் எந்த வேலைநீக்கக் கடிதத்திலும் கையெழுத்து வைக்கவில்லை. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. மனைவி வாசித்துவிட்டு, “ஓம், வேற வேலை தேடுங்கோ. ஆனா இதுக்கு வெக்கப்படாதேங்கோ” என்றாள்.

ஆலைக்குப் போன அன்று பின்னேரம் எல்லாவற்றையும் கழற்றி வான் வண்டியில் ஏற்றியபோது ஹேசல் வெளியே வந்தாள். “இனி வீட்டுக்கா?”

“போக முடியாது. பாதை மூடியிருக்கிறது. சண்டை” என்றேன்.

அவள் குழம்பி, ஆக்லாந்துக்குப் போகும் தெற்குச் சாலையைப் பார்த்தாள். அவள் கேட்டது ஆக்லாந்தில், சான்ட்ரிங்ஹாமில் நானும் மனைவியும் இருக்கும் வீட்டை என்பது அப்போதுதான் உறைத்தது. நான் வடமேற்கே, யாழ்ப்பாணம் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.