அம்மாவும் படுக்கிற கட்டில்

பிழைக்காத பிள்ளைகளைப் பார்க்கிற இந்த நர்ஸ் வேலை வேண்டாம் என்று மகளிடம் தலைபாடாக அடித்துக்கொண்டவள் நான்.

அவளுடைய வார்டில் ஒரு சிறுமிக்கு இனி மருந்து கேட்காது என்றாகிவிட்டது. அம்மாவின் காதுமடலைப் பிடித்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். ஆனால் கட்டிலில் தாய் ஏறக்கூடாது என்பது அங்கே சட்டம். என் மகள் தாயை ஏற்றிப் படுக்கவைக்கப் போயிருக்கிறாள்.

“குழாய் கழண்டா யாரும்மா பதில் சொல்றது?” என்று பெரிய டாக்டர் கேட்டாராம்.

“நான் பிடிச்சுக்கிறேன் சார். கை வலிச்சா நீங்க பிடிங்க” என்றிருக்கிறாள் என் மகள்.

அவர் சிரித்துவிட்டுத் தானே ஒரு குழாயைப் பிடித்தார். தாய் பக்கத்தில் படுக்க, பிள்ளை அவள் காதுமடலைப் பிடித்தபடி அயர்ந்து தூங்கினாள். இரண்டு நாள் கழித்து அம்மாவின் அணைப்பிலேயே அமைதியாகப் போய்ச் சேர்ந்தாள்.

இப்போது அந்த வார்டில் தாயும் படுக்கிற அகலக் கட்டில் இருக்கிறது. கேட்டு வாங்கியவர் அந்த டாக்டர்தான்.

நானும் இப்போது அந்த வேலையைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. முன்பு சொன்னது தப்பு என்று மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.